சாமிக்குப் பல் விளக்கிய ஒச்சாயி

கோவிச்சுக்கிறாதீக சம்பந்தகாரகளே. வேன்ல ஏறுனவக எறங்குங்க. இந்த வேப்பமரத்து நெழல்ல உக்காருங்க, மோரு வருது, குடிங்க. நான் பொண்ணுக்குத் தாய்மாமன். எங்க ஊரு எல்லைக்குள்ள மாப்ள கால் வைக்கிறதுக்கு முன்னால, தாய்மாமன் அவரு கையில ஒரு வேப்பங்குச்சியக் குடுத்து, "ஆ காட்டுங்க மாப்ள"ன்னு கேக்கணும். அதுதான் மொற. அதத்தான் கேட்டேன். மாப்ள வாய இறுக்கி மூடிக்கிட்டாரு. மாப்ளையோட அத்தை இவுக, "பல்லப் புடிச்சுப் பாக்க நாங்க என்ன மாட்டுச் சந்தைக்கா வந்திருக்கோம்?"னு ஒரு சத்தம் போட்டாக பாருங்க, மரத்துல இருந்த காக்கா அம்புட்டும் பறந்து போச்சு.

மதினி, ஒங்க கோவம் ஞாயம். நான் இல்லைங்கல. ஆனா மாட்டுச் சந்தைன்னு ஒரு வார்த்தை சொன்னீகளே, கதையே அங்கதான் இருக்கு. கேட்டுட்டு அப்பறம் வேணும்னா வண்டியத் திருப்புங்க. நான் குறுக்க நிக்க மாட்டேன்.

ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முந்தி, இந்த ரோடு இல்ல, கரண்டு இல்ல, பஸ்ஸுன்னா என்னன்னு தெரியாது. இதே செங்கரட்டுப்பட்டி, இதே கரட்டுக் குன்று, இதே முனியாண்டி. அந்தா தெரியிறாரு பாருங்க, கரட்டடியில அருவாளத் தூக்கிக்கிட்டு உக்காந்திருக்காரே, அவருதான் எங்க கொலசாமி. உக்காந்த நெலையிலயே ரெண்டு ஆளு ஒசரம். சுண்ணாம்பும் கருப்பட்டியும் அரைச்சுச் செஞ்ச சுதை. வாயில ரெண்டு பக்கமும் கோரப்பல்லு. இன்னைக்கு ரெண்டும் பளிச்சுனு தெரியுதுல்ல? அன்னைக்கு ஒண்ணுதான் தெரிஞ்சுச்சாம். சோத்தாங்கைப் பக்கத்துப் பல்லக் காணோமாம்.

எப்பிடிப் போச்சு? சொல்லுறேன். எங்க வம்சத்துல ராக்கன்னு ஒருத்தரு இருந்தாரு. அவரோட பாட்டன் காலத்துல ஒரு திருவிழா. முனியாண்டிக்குச் சக்கரைப்பொங்கல்னா உசுரு. ஏணி போட்டு ஏறி, பெரிய உருண்டையா உருட்டிச் சாமி வாயில அப்புறது அப்பத்து மொற. அந்த வருசம் ராக்கனோட பாட்டன் ஏறுனாரு. பாகு முத்திப்போன பொங்கலு. கையில ஒட்டிக்கிட்டு விட மாட்டேங்குது. "சாமி, வாங்கிக்கப்பா!"ன்னு ஓங்கி ஒரு அப்பு அப்புனாரு. "மடார்"னு ஒரு சத்தம். ஆளு கீழ கெடந்தாரு. எந்திரிச்சு அண்ணாந்து பாக்குறாரு, பல்லக் காணோம்!

"அய்யய்யோ, சாமி பல்ல ஒடச்சுப்புட்டேனே! நான் வெளங்குவேனா, எங்குடி வெளங்குமா!" மண்ணுல பெரண்டு பெரண்டு அழுதாராம். ஊரும் சேந்து அழுதுச்சாம். ஒடஞ்ச பல்லு கீழ கெடக்கணுமா இல்லையா? தேடுனாக, மண்ணச் சல்லடையில போட்டுச் சலிச்சாக. கெடைக்கல. "கோவத்துல சாமியே முழுங்கிருச்சு"ன்னு ஒருத்தரு சொன்னாரு. ஆமா ஆமான்னாக. பாவம் பண்ணுன ஏணின்னு அந்த ஏணியையும் வெட்டி அடுப்புல வச்சுட்டாக. அம்புட்டுப் பேரு கூடுனாகளே, ஒருத்தராவது ஏறிப் பாத்தாகளா? ஏறிப் பாக்கல. நான் சொல்லல, ஊரு சொல்லுது.

அன்னைக்கு எங்க பங்காளிக, அதாவது ஒரே வம்சத்து ஆம்பளைக, கூடிச் சூடத்த அணைச்சுச் சத்தியம் பண்ணுனாக. என்ன சத்தியம்? "எங்க சாமிக்குப் பல்லு திரும்ப வர்ற வரைக்கும் எங்க பல்லுல குச்சி படாது. வாய் கொப்பளிக்க மாட்டோம். சாமி மூஞ்சிய அண்ணாந்து பாக்க மாட்டோம். சாமி மேல கை வைக்க மாட்டோம்." ஆத்தாடி! சாமிக்கு ஒரு பல்லு போச்சுன்னு ஊரு ஆம்பளைக அம்புட்டுப் பேரு பல்லையும் பணயம் வச்சாக!

பொங்கல் மட்டும் நிக்கல. ஏணி கூடாதுன்னு நீளமா ஒரு மூங்கிக் கம்பு வச்சுக்கிட்டாக. தலையக் குனிஞ்சுக்கிட்டே கம்பு நுனியில உருண்டைய வச்சு, குத்துமதிப்பாச் சாமி வாயில அப்புறது. வருசா வருசம் அப்புறது. எறும்பு திங்காதான்னு கேக்காதீக மதினி. எறும்பு தின்னுச்சு, காக்கா தின்னுச்சு, மிச்சம் ஒட்டுனது ஒட்டுனதுதான். அது மேல வெளக்குப் புகை, எண்ணெய்ப் பிசுக்கு, கரட்டுச் செம்மண்ணு. சாமி பாவம், தின்னுட்டு வாய் கழுவ ஆளில்லாம உக்காந்திருந்தாரு.

இங்கிட்டு ஆம்பளைக நெலமை என்ன? ஒவ்வொருத்தரும் துண்ட வாயில பொத்திக்கிட்டுத்தான் பேசுவாகளாம். எதிர்க்காத்துல நின்னா வெளியூருக்காரன் எட்டடி தள்ளித்தான் நிப்பானாம். சிரிக்காதீக. சிரிப்பு அம்புட்டுத்தான், அடுத்தது அழுகை. நல்லா வேலை செஞ்சுக்கிட்டிருப்பான் மனுசன். பல்லு வலிங்கும். தாடை வீங்கும். காச்சல் அடிக்கும். வீக்கம் கழுத்துக்கு எறங்கும். ஆளு போயிருவான். ராக்கனோட அப்பன் அப்பிடித்தான் போனாரு. மூத்த அண்ணன், கல்யாணம் பேசி வச்சிருந்த பயபுள்ள, அவரும் அப்பிடியே போனாரு. "முனி அடிச்சுருச்சு, எங்கயோ சத்தியத்துல கொறை வச்சுட்டோம்"னு சொல்லிச் சொல்லி இன்னும் இறுக்குனாக. சோறு தின்ன கையோட தண்ணி குடிச்சாக்கூட வாயில வச்சு ஒரு சுத்து சுத்தாம நேரா முழுங்கணும்னு ஆக்கிப்புட்டாக.

இந்த ஊருக்குத்தான் ஒச்சாயி வாக்கப்பட்டு வந்தா.

ஒச்சாயி யாரு? கெழக்க ஒரு ஊரு, அங்க சின்னவிருமன்னு ஒரு மாட்டுத் தரகரு. அவரு மக. தாயில்லாத புள்ள, அப்பனோட சந்தை சந்தையாச் சுத்தி வளந்தவ. எவ்வளவு முரட்டுக் காளையா இருந்தாலும் மூக்கணாங்கயித்தப் புடிச்சு, கடவாயில வெரல விட்டு, ஒதட்டத் தூக்கிப் பாத்துருவாளாம். "அய்யா, இது ஆறு பல்லு, நல்ல வயசு. அய்யா, இது கட சேந்தது, கெழடு. அய்யா, இதுக்குக் கடவாய்ப் பல்லு போச்சு, கன்னம் பள்ளமா இருக்கு பாரு, வேண்டாம்." மக சொன்னா அப்பன் மறுபேச்சுப் பேச மாட்டாரு.

அப்பேர்ப்பட்ட தரகரு, மகளுக்குச் சீரா ஒரு சோடி மாடு குடுத்தாரு. ரெண்டு மாட்டுக்கும் பல்லப் புடிச்சுப் பாத்துத்தான் குடுத்தாரு. மாப்ளைக்குப் பாத்தாரா? பாக்கல! ராக்கன் வாயில துண்ட வச்சுக்கிட்டுத் தலையக் குனிஞ்சு உக்காந்திருந்தாரு. "அடேயப்பா, மாப்ள எம்புட்டு அடக்கம்! வாயத் தொறக்கவே மாட்டேங்குறாரு!"ன்னு பூரிச்சுப் போனாராம்.

தாலி கட்டுறப்போ ராக்கன் துண்ட எடுத்துத்தானே ஆகணும்? குனிஞ்சாரு. மூச்சு விட்டாரு. ஒச்சாயிக்குக் கண்ணக் கட்டிக்கிட்டு வந்துச்சாம். பக்கத்துல இருந்தவக, "பாவம், அப்பன விட்டுப் பிரியிற வருத்தம்"னு தண்ணியத் தெளிச்சு எழுப்புனாகளாம்.

மறுநாக் காலையில அவ வேப்பங்குச்சி ஒண்ண ஒடிச்சு, எலைய உருவி, புருசங்கிட்ட நீட்டுனா. ராக்கன் பாம்பக் கண்டவரு மாதிரி துள்ளிப் பின்னால போனாரு.

"அய்யோ, எங்கிட்டக் காட்டாத புள்ள அத! சாமி குத்தம்!"

"பல்லு வெளக்குறதுல என்ன மச்சான் சாமி குத்தம்?"

ராக்கன் துண்டப் பொத்திக்கிட்டே மொத்தக் கதையையும் சொன்னாரு. கேட்டுட்டு அவ குச்சியக் கூரையில சொருகி வச்சுட்டா. புது மருமக, வந்த மறுநாளே என்ன பேச முடியும்? ஆனா அந்த மனுசன் மேல அவளுக்குக் கோவம் வரலையாம். தண்ணிக் கொடத்த அவரே தூக்குவாரு. அவ தின்னாளான்னு கேட்டுட்டுத்தான் அவரு திம்பாரு. "மனுசன் தங்கம், வாய்தான் சாக்கடை"ன்னு கெணத்தடியில சொல்லிச் சிரிப்பாளாம்.

அந்தச் சிரிப்பு ரொம்ப நாளு நிக்கல. அறுப்பு நேரத்துல ராக்கன் வயல்ல இருந்து கன்னத்தப் பிடிச்சுக்கிட்டு வந்தாரு. கட்டில்ல படுத்தவரு எந்திரிக்கல. சோத்தாங்கைப் பக்கத் தாடை பொத்துன்னு வீங்கிப் போச்சு. ஒடம்பு அடுப்பாக் கொதிக்குது. வீக்கம் கழுத்தப் பாத்து எறங்குது. ராக்கனோட ஆத்தா பேயம்மா வாசப்படியில உக்காந்தவ அப்பிடியே கல்லாட்டம் ஆயிட்டா. புருசனுக்கும் மூத்த மகனுக்கும் இதே வீக்கத்தப் பாத்தவ இல்லையா?

ஒச்சாயி உப்புப் போட்டு வெந்நி வச்சுக் கொண்டுக்கிட்டு ஓடுனா. "மச்சான், சந்தையில மாட்டுக்கு வாய் சீப்புடிச்சா எங்கய்யா இதைத்தான் ஊத்துவாரு. ஒரு வாய் கொப்பளிங்க. ஒரே ஒரு வாய்."

ராக்கன் தலைய ஆட்டுனாரு. "மாட்டேன் புள்ள. எங்கப்பன் செத்தாரு, கொப்பளிக்கல. எங்கண்ணன் செத்தாரு, கொப்பளிக்கல. நான் சத்தியத்த மீறி, அது பங்காளி புள்ளைக தலையில விடிஞ்சா? சாமிக்குப் பல்லு வரட்டும், கொப்பளிக்கிறேன்."

என்ன மனுசன் பாருங்க. உசுரு போற நேரத்துலயும் அடுத்தவன் புள்ளைக்குப் பயப்படுறாரு.

ஒச்சாயிக்கு வந்துச்சே ஒரு கோவம்! வெந்நிய அங்கனயே வச்சுட்டு, தலைமுடி அவுந்தது தெரியாம ஓடுனா கரட்டடிக்கு. முனியாண்டிக்கு முன்னால நின்னா. அவ வேற வம்சம், வந்தவ, அவளுக்கு அண்ணாந்து பாக்கக் கூடாதுன்னு சத்தியம் கெடையாது. நல்லா அண்ணாந்து பாத்தா. "ஏய் முனியாண்டி! ஒம் பல்லு ஒண்ணு போச்சுன்னு எம் மாமனாரத் தின்ன. எம் புருசனோட அண்ணனத் தின்ன. எம் புருசனையும் திங்கப் போறியா? ஒனக்கு அந்தப் பல்லு எதுக்கு, இருக்கிற பல்லு பத்தாதா?"ன்னு கத்துனாளாம். கத்திக்கிட்டே இருந்தவ டக்குனு நிப்பாட்டிட்டா.

ஏன் நிப்பாட்டுனா? சந்தையில பல்லுப் பாத்த கண்ணு இல்லையா. பல்லு விழுந்த மாட்டுக்குக் கன்னம் எப்பிடி இருக்கும்? பள்ளமா இருக்கும். இந்தச் சாமிக்கு அந்தப் பக்கம் பள்ளமா இல்ல. மேடா இருக்கு! கன்னங்கரேல்னு ஒரு கட்டி, பொடைச்சுக்கிட்டு நிக்குது. அந்தக் கட்டிக்கு எறும்பு ஒண்ணு பின்னால ஒண்ணாச் சாரை சாரையாப் போகுது.

"ஒடஞ்ச எடத்துல எறும்புக்கு என்ன சோலி?"ன்னு அவ தனக்குத்தானே கேட்டாளாம்.

திரும்ப ஒரே ஓட்டம். வாசப்படியில இருந்த மாமியா கையப் பிடிச்சா. "அத்தை, கூரை மேயுற ஏணி எங்க இருக்கு?"

"எதுக்குடி?"

"சாமி வாய ஏறிப் பாக்கணும்."

பேயம்மா தலையில தலையில அடிச்சுக்கிட்டா. "அடி பாதகத்தி! இருக்கிற ஒத்தப் புள்ளையையும் வாரிக் குடுக்கவா? எம் புருசன் ஒரு தடவைகூட அண்ணாந்து பாக்கலையேடி! எம் மூத்தவன் பாக்கலையே!"

"அவுக பாக்கல அத்தை. பொழைச்சாகளா?"

உள்ள ராக்கன் அனத்துற சத்தம் கேக்குது. அந்தச் சத்தத்தக் கேட்டுக்கிட்டே பேயம்மா எந்திரிச்சா. சேலைய வரிஞ்சு கட்டுனா. தொழுவத்துக்குப் போயி ஏணியோட ஒரு தலைப்ப அவளே தூக்குனா. "ஏறு ஆத்தா. பாவம் வந்தா எந்தலையில வரட்டும். நான் இனி யாருக்குப் பயப்படணும்?" இத நான் எத்தனை தடவை சொல்லியிருக்கேன், இந்த எடம் வந்தா கொஞ்சம் நிறுத்தித்தான் சொல்லணும். அந்த மோரக் கொஞ்சம் இங்கிட்டுக் குடுங்க.

உச்சி வெயிலு. ரெண்டு பொம்பளைக ஏணியத் தூக்கிக்கிட்டுப் போறதப் பாத்து ஊரு கூடிருச்சு. பங்காளிக அம்புட்டுப் பேரும் வாயில துண்டோட, தலையக் குனிஞ்சுக்கிட்டுக் கத்துறாக. அதுல மூத்தவரு பெரியகொண்டன். அவருக்கு வாயில மிஞ்சுனதே ரெண்டு பல்லுதான். "ழேய்! எழங்கு! எழங்குழீ!"ன்னு கத்துறாரு. என்ன சொல்றாருன்னு ஒருத்தருக்கும் வெளங்கல. ஒச்சாயி ஏறிட்டா. ஏணிக்கடியில பேயம்மா நின்னுக்கிட்டா. "எவனாவது ஏணியத் தொட்டீக, மொத பொணம் நான்தான்"னு சொன்னா. ஒருத்தனும் கிட்ட வரல.

ஒச்சாயி அந்தக் கட்டியத் தொட்டுப் பாத்தா. கல்லாட்டம் இறுகிக் கெடக்கு. அருவாமனையப் போட்டுச் சொரண்டலாம், ஆனா சொரண்டி ஏதாவது ஒடஞ்சா? "அத்தை, வேப்பங்குச்சியும் வெந்நியும் குடுங்க!"ன்னா. கூட்டத்துல இருந்த பொம்பளைக ஓடிப்போயிக் கொண்டாந்தாக. வெந்நிய ஊத்துனா, ஊற வச்சா, குச்சி நுனிய மென்னு பூவாக்கித் தேச்சா. ஒரு குச்சி தேஞ்சு போச்சு. இன்னொண்ணு. அவளுக்கு மெல்ல நேரமில்ல. கீழ இருந்து பேயம்மா மென்னு மென்னு குடுக்குறா, மேல இருந்து மருமக தேக்கிறா. கசப்பு தாங்காமக் கண்ணுல தண்ணி ஊத்துது பேயம்மாவுக்கு. கசப்புலதான்னு யாரு சொல்ல முடியும்.

கருப்பு கரைஞ்சு வழியுது. செம்மண்ணு வழியுது. பாகு வழியுது. பாட்டன் காலத்துப் பொங்கலு, பருக்கை பருக்கையா உருகிச் சாமி தாடையில ஒழுகுது. தேக்கிறா, தேக்கிறா. திடீர்னு கை நின்னுச்சு.

"அத்தை..."

"என்னடி? என்னடி ஆச்சு? ஒடஞ்சிருச்சா?"

"அத்தை, பல்லு இருக்கு."

"என்ன?"

"பல்லு இருக்கு அத்தை! ஒடையவே இல்ல! ஒரு கீறல்கூட இல்ல! பொங்கலுக்குள்ள பொதைஞ்சு கெடந்திருக்கு!"

ஒடையவே இல்ல சம்பந்தகாரகளே! ராக்கனோட பாட்டன் அப்புன பொங்கலு அந்தப் பல்லு மேலயே ஒட்டி மூடிருச்சு. "மடார்"னு ஒடஞ்சது ஏணிப்படி! அந்த ஏணியத்தான் அடுப்புல வச்சுட்டாகளே, யாரு பாத்தா? அன்னைக்கே ஒரு ஆளு ஏறிப் பாத்திருந்தா எத்தனை உசுரு மிஞ்சியிருக்கும்.

பேயம்மா அப்பிடியே ஏணியக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு ஒக்காந்துட்டா. "அப்ப எம் புருசன் எதுக்குச் செத்தாரு? எம் மூத்த புள்ள எதுக்குடா செத்தான்?"னு கூட்டத்தப் பாத்துக் கேட்டா. ஒச்சாயி எறங்கி வந்து மாமியாளத் தூக்குனா. "அழுறதுக்கு நேரமிருக்கு அத்தை. இருக்கிறவரப் பாப்போம் வாங்க"ன்னா.

கட்டிலோட ராக்கனத் தூக்கிக்கிட்டு வந்து சாமி காலடியில வச்சாக. "மச்சான், பாருங்க, சாமிக்குப் பல்லு வந்துருச்சு. அண்ணாந்து பாருங்க." அந்த மனுசன் என்ன பண்ணுனாரு தெரியுமா? கண்ண இறுக்கி மூடிக்கிட்டாரு! "அண்ணாந்து பாக்க மாட்டேன்னு சத்தியம்"கிறாரு. பல்லு இருக்கான்னு தெரியணும்னா அண்ணாந்து பாக்கணும். அண்ணாந்து பாக்கணும்னா பல்லு இருக்குன்னு தெரியணும். எப்பிடி இருக்கு? கூட்டத்துல எல்லாரும் தலையச் சொரியிறாக. வீக்கம் கழுத்துக்கு எறங்கிக்கிட்டே இருக்கு.

ஒச்சாயிக்குச் சிரிப்பும் வருது, அழுகையும் வருது. அவ வீட்டுல வச்சுட்டு வந்த உப்பு வெந்நியும் கட்டிலோட வந்திருந்துச்சு, வெதுவெதுன்னு ஆறியிருந்துச்சு. அகலமான பித்தளைச் சட்டியில அத ஊத்துனா. புருசனத் தூக்கி உக்கார வச்சு, அவரு மடியில வச்சா. "அண்ணாந்துதானே பாக்கக் கூடாது மச்சான்? குனிஞ்சு பாருங்க."

ராக்கன் குனிஞ்சு கண்ணத் தொறந்தாரு. சட்டித் தண்ணிக்குள்ள முனியாண்டி தெரியிறாரு. அருவாளு தெரியுது, மீசை தெரியுது, ரெண்டு பக்கமும் ரெண்டு கோரப்பல்லு வெள்ளைவெளேர்னு தெரியுது. பொறந்ததுல இருந்து அவரு பாக்காத மூஞ்சி அது.

"சாமி சிரிக்குது புள்ள"ன்னாராம்.

அந்தத் தண்ணியத்தான் அள்ளி வாயில ஊத்துனாரு. கொப்பளிச்சாரு. துப்புனாரு. திரும்ப ஊத்துனாரு. கொப்பளிக்கக் கொப்பளிக்க, உள்ள பழுத்துக் கெடந்த கட்டி பொளக்குனு ஒடஞ்சு, அம்புட்டுச் சீயும் வெளிய வந்துச்சு. சின்னவிருமனுக்கு ஆளு போயி, அவரு மாட்டு வண்டியப் பறக்க ஓட்டிக்கிட்டு வந்தாரு. மருமகன் வாயப் பாத்தாரு. "மாட்டுக்குப் பாத்தேன், மாப்ளைக்குப் பாக்காமப் போயிட்டேனே!"ன்னு தன் கன்னத்துல தானே போட்டுக்கிட்டு, ஆடிக்கிட்டிருந்த சொத்தப் பல்ல ரெண்டு வெரலால ஒரே இழுப்பா இழுத்துப் போட்டாரு. மதினி, மொறைக்காதீக. இப்ப அப்பிடிச் செய்யாதீகன்னு சொல்லிட்டுத்தான் சொல்லுறேன். அப்பத்துக்குப் பல் டாக்டரு ஏது? இப்ப இருக்காக. தாடை வீங்குனா அன்னைக்கே ஓடிப்போயிரணும், கை வைத்தியம் பாக்கிறேன்னு ஒரு நாளு உக்காரக் கூடாது.

காச்சல் எறங்குச்சு. வீக்கம் வத்துச்சு. ராக்கன் கண்ணத் தொறந்து மொதல்ல சொன்ன வார்த்தை, "ஆத்தா, பசிக்குது." அம்புட்டுத்தான். பேயம்மா வயித்துல பால வாத்தது போல இருந்துச்சு. கஞ்சி காச்சுறேன்னு ஓடுனவ, அடுப்பு மொகத்துல நின்னு வாய்விட்டுச் சிரிச்சாளாம், அழுதாளாம், திரும்பச் சிரிச்சாளாம். கஞ்சி அடிப்பிடிச்சுப் போச்சு. அடிப்பிடிச்ச கஞ்சிய அந்த வீட்டுல எல்லாரும் குடிச்சாக. கஞ்சி குடிச்சதும் ராக்கன் தானே செம்ப எடுத்து வாய் கொப்பளிச்சாரு.

வெளிய என்ன நடந்துச்சு? பெரியகொண்டன் துண்ட எடுத்துத் தோள்ல போட்டாரு. கையில கம்ப ஊணிக்கிட்டு ஒச்சாயிகிட்ட வந்தாரு. எல்லாரும் பயந்துட்டாக, கெழவரு அடிக்கப் போறாருன்னு. அவரு கைய நீட்டி, "அந்தக் குச்சிய இங்கிட்டுக் குடு தாயி"ன்னாரு. மிச்சமிருந்த ரெண்டு பல்லையும் அங்கனயே நின்னு தேச்சாரு. அம்புட்டுத்தான், பங்காளிக பூராவும் இந்த வேப்பமரத்துல ஏறிட்டாக. ஒருத்தருக்கும் தேய்க்கத் தெரியல! ஈறு எரியுதுங்கிறான் ஒருத்தன், ரத்தம் வருதுங்கிறான் ஒருத்தன், குச்சிய முழுங்கிட்டேங்கிறான் ஒருத்தன். "மெதுவா, மேலயும் கீழயும், கடவாய்ப் பல்லு வரைக்கும், அங்கதான் ஒளிஞ்சு கெடக்கும்"னு ஒச்சாயி ஒவ்வொருத்தருக்கா வாயப் பாத்துச் சொன்னா. அன்னைக்குச் சாயங்காலம் செங்கரட்டுப்பட்டியில ஆம்பளைக ஒருத்தருக்கொருத்தரு பக்கத்துல உக்காந்து பேசிக்கிட்டிருந்தாகளாம். பொண்டாட்டிமாரு எல்லாரும் முனியாண்டிக்குத் தனியாக் கும்புடு போட்டாக, அது எதுக்குன்னு நான் சொல்லணுமா?

அதுல இருந்து வந்ததுதான் இங்க நீங்க பாக்குற அம்புட்டும். இன்னைக்கும் எங்க திருவிழாவுல சாமிக்கு மொதல்ல பொங்கல் கெடையாது. மொதல்ல ஏணி போட்டு, ஒரு மருமக ஏறி, வேப்பங்குச்சியால சாமிக்குப் பல்லு வெளக்கணும். மாமியா கீழ நின்னு ஏணியப் பிடிக்கணும். மத்த நாளு எப்பிடிச் சண்டை போட்டாலும் அன்னைக்குப் பிடிச்சுத்தான் ஆகணும்! பொங்கல் வச்ச பெறகு ஒரு செம்புத் தண்ணி ஊத்திச் சாமி வாயக் கழுவி விடணும். சாமிக்கே அப்பிடின்னா நமக்கு? காலையில ஒரு தடவை, படுக்கப் போறதுக்கு முன்னால ஒரு தடவை. இவருக்குப் பேரே பல்வெளக்கி முனியாண்டின்னு ஆயிப்போச்சு. ஒச்சாயி பேரு எங்க வீடுகள்ல தலைமொறைக்கு ஒரு புள்ளைக்கு வைக்கிறது. ஒங்க வீட்டுக்கு வரப்போறாளே எங்க அக்கா மக, பத்திரிகையில வேணின்னு போட்டிருக்கும், வீட்டுப் பேரு ஒச்சாயிதான்.

இன்னொண்ணும் இருக்கு. இந்த ஊருல எவனாவது அது சாபம், இது தோசம், தொட்டா குத்தம்னு பேச ஆரம்பிச்சா, சின்னப்புள்ளகூட ஒரு வார்த்தை கேக்கும். "ஏறிப் பாத்தியா?" அம்புட்டுத்தான், பேசுனவன் வாய மூடிக்குவான்.

சரி, இப்ப மாப்ள விசயத்துக்கு வருவோம். மாப்ள, இங்க பாருங்க. நீங்க வேன்ல வரும்போதே கன்னத்துல கைய வச்சுக்கிட்டு வந்தத நான் பாத்தேன். மோரு குடிக்கும்போது ஒரு பக்கமா ஒதுக்கிக் குடிச்சதையும் பாத்தேன். நாங்க என்ன வம்சம்? உள்ள ஏதோ சொத்த இருக்கு, தொறந்தாப் பொண்ணு குடுக்க மாட்டாகன்னு பயந்துட்டீக. அதானே? தலைய ஆட்டுறாரு பாருங்க. அட மதினி, நீங்க எதுக்கு இப்ப அழுகிறீக? ஒங்களுக்கும் தெரியுமா? அதுக்குத்தான் அந்தச் சத்தம் போட்டீகளா? நல்ல ஆளு போங்க!

பல்லு கெட்டிருந்தா மாட்டத்தான் திருப்பி அனுப்புவோம் மாப்ள. மாப்ளைய அனுப்ப மாட்டோம். வாய மூடிக்கிட்டு எங்க புள்ளைய ஒருநாளு தவிக்க விட்டுருவீகளோன்னுதான் பயம். அதுக்குத்தான் இந்த மொற. தொறந்து காட்டுனாப் போதும். திங்கக்கெழம நானே ஒங்கள வண்டியில வச்சுப் பல் டாக்டருகிட்டக் கூட்டிக்கிட்டுப் போறேன்.

ஏய், மேளகாரகளே, தூங்காதீக, எந்திரிங்க. இந்தாங்க மாப்ள, குச்சி. எங்க, ஆ காட்டுங்க.

ஆங்... இம்புட்டுத்தானா? இதுக்கா பயந்தீக? வாங்க மாப்ள, ஊருக்குள்ள வாங்க.